விளக்கும் ஆக்சிஜனும்

வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் முதியோர் இல்லத்தில் எனக்கும் ஆச்சிக்கும் வழக்குதான். "சாமி படத்துக்கு முன்னால ஒரு அகல் ஏத்துனா ஒங்க மிஷினுக்கு என்ன கேடு, சிஸ்டர்?" என்பார். மிஷின் என்பது கட்டிலோரம் நிற்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்.

கேடு மிஷினோடு நிற்காது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, ஏறக்குறைய 90 சதவீத ஆக்சிஜனாக மிஷின் கொடுக்கிறது. ஆக்சிஜன் தானாக எரியாது. எரிவதை மூர்க்கமாக எரியவைக்கும். மூக்குக்குழாயைக் கழற்றிய பிறகும் புடவையிலும் தலையணையிலும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். ஆகவே அந்த அறையில் தீபம், ஊதுபத்தி, சூடம் எதுவும் கூடாது. இயந்திரத்தைத் திரைச்சீலையை ஒட்டியும் வைக்க மாட்டோம்.

இதெல்லாம் ஆச்சிக்கும் தெரியும். அவர் கேட்பது வேறு: பக்தியைத் தடுக்க நீ யார்? துணைக்குக் கணம்புல்ல நாயனாரை அழைப்பார். தில்லையில் விளக்கெரிக்கப் புல் போதாதபோது தன் தலைமுடியையே எரித்தவர். "அவரு உசுருக்குப் பயந்தாரா?"

பயப்படவில்லை. ஆனால் அவர் எரித்தது தன் முடியை. பக்கத்து வீட்டுக்காரர் முடியை அல்ல. ஆச்சியின் பக்கத்துக் கட்டிலில், எழுந்து ஓட முடியாத ஒருவர் படுத்திருக்கிறார். அவரைக் கேட்காமல் அவரையும் சேர்த்துப் பணயம் வைப்பது எந்தக் கணக்கில் தொண்டு? வாக்கர் வேண்டாம் என்று ஆச்சி அடம்பிடிக்கும்போது நான் விட்டுக்கொடுத்து, கூடவே நடக்கிறேன். அந்த ஆபத்து அவருடையது, முடிவும் அவருடையது.

எங்கள் மேலாளருக்கு வழி சுலபம். "பூசலார் மனசுலயே கோயில் கட்டலையா? நீங்களும் மனசுக்குள்ள ஏத்துங்க." இதை நான் ஏற்பதில்லை. பொருள் கிடைக்காமல் மனத்துக்குள் கட்டுவதென்று பூசலார் தாமே முடிவெடுத்தார். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. கும்பிட்டுப் பழகிய கைக்கு ஒரு வேலை வேண்டும்.

இப்போது ஆச்சி பஞ்சில் திரி திரிக்கிறார். கீழே பொது பூஜை அறையில் அந்தத் திரிதான் எரிகிறது. "ஏத்துறது எங்கையில்லையே" என்ற குறை தீரவில்லை. கோயிலில் பூக்கட்டுபவர் ஒருவர், சாத்துபவர் இன்னொருவர் என்றேன். "அவுக கட்டுனது விரும்பி. எனக்கு நீ சொல்லித்தானே?" என்றார்.

அதுவும் நியாயம். தீப்பெட்டியை வாங்கிவைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. வாங்கிய கையோடு பஞ்சைக் கொடுப்பதும், ஏன் என்று கேட்கும்போதெல்லாம் நின்று பதில் சொல்வதும் அந்த அதிகாரத்துக்கு நான் கட்டும் வட்டி.