அணையா விளக்கும் கைபேசியும்

புலம்பெயர்ந்து வாழும் நம் இல்லங்களில், இரவு உறங்கச் செல்லுமுன் தவறாது நிகழும் கடமை ஒன்று உண்டு. கைபேசியை மின்னிணைப்பில் பொருத்தி வைத்தலே அது. கதவைத் தாழிட மறப்பினும் இதனை மறவோம். மின்னேற்றம் குறையக் குறைய நம் நெஞ்சும் பதைக்கின்றது. இப்பதைப்பு கருவிக்கு அடிமைப்பட்டோரின் கலக்கமா? அன்றி, அன்புடையாரின் கடமையுணர்வா?

நள்ளிரவில் ஊரிலிருந்து அழைத்தபோது கைபேசி மின் வற்றிக் கிடந்தமையால், தந்தையின் மறைவை விடிந்த பின்னரே அறிந்து ஆறாத் துயருற்றோர் நம்மிடையே உளர். அவரிடம், "வெறுங்கருவிதானே" எனக் கூற எவர்க்கு நா எழும்?

தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் வேங்கடத்தை நோக்குவோம். அம்மலையடியில் அமைந்த திருப்பதி நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அவ்வாண்டிலேயே சென்னை முனோத் நிறுவனம் ஆங்கு 165 கோடி ரூபாயில் அமைத்த இலித்தியம் மின்கலத் தொழிற்சாலை முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. நாளொன்றுக்கு 20,000 கலங்கள் செய்யவல்லது என அறிவிக்கப்பெற்றது. வழிப்பயணத்தில் கைபேசிக்கு மின்னூட்டும் 'பவர் பேங்க்'குக்கு உரிய கலங்கள் அவை. மலையடியில் இவ்வாறிருக்க, மலைமேலோ கைபேசியை ஒப்படைத்த பின்னரே அடியார் கோயிலுள் புகவேண்டும். அந்நேரத்தில் அழைப்பு எட்டவில்லையெனின், அதனைக் குற்றமென யாரும் கொள்வதில்லை. எனவே, எந்நேரமும் எல்லார்க்கும் எட்டும்படி இருத்தல் அறமாகாது.

அங்ஙனமாயின் எதன்பொருட்டு இக்காவல்? நம் முன்னோர் கோயில்களில் நந்தா விளக்கு எரியக் கொடையளித்தனர். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுகள் கூறும். நாள்தோறும் உழக்கு நெய் அளக்கப்பெற்றது. கொடையாளர் மறைந்த பின்னும் விளக்கு எரிந்தது. அடுத்து வருவோர்க்கு ஒளி தந்தது. பிறர்பொருட்டுக் காத்தமையாலன்றோ அது அறமாயிற்று!

நம் கைபேசிக்கும் இதுவே உரைகல். ஊரிலுள்ள தாய் அழைக்கும் வேளையில் கருவி விழித்திருக்கிறது. நாமோ, "அப்புறம் பேசுகிறேன், அம்மா" என்று துண்டித்துவிட்டு, வேடிக்கைக் காட்சிகளில் மீண்டும் ஆழ்கின்றோம். அவ்விரவு ஏற்றிய மின்சாரத்தால் விளைந்த பயன் யாது? நெய் நிறைந்தும் திரி ஏற்றாத அகல் அன்றோ அது!

மின்கலமும் நமக்கு ஒன்று உணர்த்துகின்றது. முழுதும் நிரம்பிய நிலையில் வெப்பத்திலே கிடப்பின் இலித்தியம் கலம் விரைந்து மூப்படையும். முற்றும் வற்றிக் கிடப்பினும் கெடும். மனித உள்ளமும் அத்தகையதே. உலகனைத்தின் அழைப்புக்கும் ஓயாது செவிசாய்த்தால் உள்ளம் தேயும். எவர்க்கும் செவிசாயாதிருப்பின் வறளும்.

ஆதலின், கைபேசிக்கு மின்னேற்றுவோம். அதனை நாணத்தக்க செயலாகக் கருதவேண்டா. ஆயின், இணைப்பைப் பொருத்தும் ஒவ்வோர் இரவும், "நாளை யாருடைய குரலுக்காக இதனை நிரப்புகின்றோம்?" என நம்மையே வினவுவோம். நம்மை நம்பி இருப்போரின் முகம் அக்கணம் நெஞ்சில் தோன்றுமாயின், அதுவே நம் இல்லத்து நந்தா விளக்கு.