செலான் நிரப்பிய கை

பொதுத்துறை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரி தேர்வின் இறுதிப் பட்டியலில் மெயின்ஸ் தேர்வுக்கு 80 பங்கு, நேர்காணலுக்கு 20 பங்கு. இந்த 20-க்காகப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தால், அந்த 80-ஐ எப்படித் தாண்டி வந்தார்கள் என்றே சந்தேகம் வரும்.

ரெப்போ விகிதம் தெரிகிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக் கடன் என்பது தெரிகிறது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க’ என்றால்தான் திணறல். சமாளித்துக்கொண்டு ஒரு மனப்பாடப் பத்தி வரும்: கடின உழைப்பாளி, எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்வேன், தலைமைப் பண்பு உண்டு. முந்தைய ஆளும் அதையேதான் ஒப்பித்துவிட்டுப் போயிருப்பார். பணியில் இருந்தபோது மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பத்தி ஓடுகிறவரை யாரும் காது கொடுப்பதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் மாதிரி நேர்காணல் நடத்துகிறேன். மகனைக் கூட்டிவரும் அப்பாக்கள் பலர், ‘எந்த வருஷம்ப்பா முடிச்சே?’ என்று நான் பையனைக் கேட்டால், தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள் முன் வாயைத் திறக்காதே என்று இருபது வருடம் வளர்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்பின் தெரியாத நாலைந்து பெரியவர்கள் எதிரே உட்காரவைத்து, உன்னைப் பற்றி நீயே சொல் என்கிறோம்.

சிவில் இன்ஜினியரிங் முடித்த ஒரு பெண் வந்தாள். ‘இன்ஜினியரிங் படிச்சிட்டு பேங்குக்கு ஏம்மா வர்றே?’ என்று கேட்டேன். எந்த போர்டிலும் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. சமூக சேவை, நாட்டின் வளர்ச்சி என்று ஆரம்பித்தாள். அதை விட்டுவிட்டு, முதல்முதலாக பேங்குக்கு எப்போது போனாய் என்றேன்.

‘ஆறாவது படிக்கிறப்போ சார். அப்பத்தாவுக்கு முதியோர் பென்ஷன் எடுக்க.’

இவளுக்கு எழுதத் தெரியும் என்றதும் வரிசையில் நின்ற பாட்டிகள் எல்லாம் செலானையும் பாஸ்புக்கையும் நீட்டுவார்களாம். கைநாட்டு வைக்கும் இடத்தையும் இவளே காட்ட வேண்டும். அப்பாவின் நகைக்கடன் கெடு வந்தால், காலையில் வெளியே வட்டிக்குப் பணம் புரட்டி நகையைத் திருப்பி, மதியமே அதை மறுபடி வைத்து, வாங்கிய இடத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவதைக் கூடவே போய்ப் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு நாளுக்கு என்ன வட்டி என்று கேட்டேன். யோசிக்காமல் தொகையைச் சொன்னாள். பேங்கின் கணக்கில் அந்தக் கடன் ஒழுங்காக அடைபட்டிருக்கும். அடைத்த விதம் அவளுக்குத் தெரியும். இப்படிப்பட்டவள் என்னிடம், ‘இதெல்லாம் போய்ச் சொல்லலாமா சார்?’ என்கிறாள்.

இந்தக் கூச்சத்தால்தான் விவசாயக் கூலி செய்யும் அப்பாவை ‘பிசினஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். என்ன பிசினஸ் என்பதுதான் அடுத்த கேள்வி, அதோடு குரல் இறங்கிவிடும். விண்ணப்பத்தை எடுத்து, ஊர், கல்லூரி, ப்ராஜெக்ட், படிப்பு முடிந்து சும்மா இருந்த வருடம் என்று ஒவ்வொரு வரியிலும் நம்மை நாமே குடைந்து பார்த்துக்கொள்வதைவிடப் பெரிய தயாரிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. பொழுதுபோக்கு ‘வாசிப்பு’ என்று எழுதியிருந்தால், கடைசியாக வாசித்தது எது? உடை, ஃபைல், முன்கூட்டியே போய்ச் சேர்வது எல்லாம் ஒரு மாலை வேலை.

இன்னொரு வேடிக்கை. எழுத்துத் தேர்வில் தப்பான விடைக்குக் கால் மார்க் போகும் என்று தெரியாத கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள், நேர்காணலில் மட்டும் எதையாவது சொல்லிப் பார்க்கிறார்கள். ‘தெரியலை சார்’ என்று சொல்லிவிட்டு, அசடு வழியாமல் அடுத்த கேள்விக்கு நிமிர்ந்து உட்காரவும் பழக வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் செய்தால் வேலை நிச்சயமா என்று பெற்றோர் கேட்பார்கள். நிச்சயம் இல்லை. அந்தப் பெண்ணிடம் போர்டில் அப்பத்தா பக்கம் போகிற ஒரு கேள்வியும் வரவில்லை. ரெப்போ விகிதத்தையே சுற்றிச் சுற்றிக் கேட்டு அனுப்பிவிட்டார்களாம். அடுத்த வருடம் அதே செலான் கதையோடுதான் மறுபடியும் போனாள்.