கொல்லைப்புறத்தில் கதறிய காளை

தென்னாப்பிரிக்க நகரங்களில் முன்னோருக்காக வீட்டுக் கொல்லையில் மாடு அறுத்தால் அக்கம்பக்கத்திலிருந்து புகார் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. 2007 ஜனவரியில் கேப் டவுனின் குகுலேத்துவில் நடந்த சடங்கு நாட்டையே பேச வைத்தது. மோசடி வழக்கில் சிறை சென்று திரும்பிய ஆளுங்கட்சியின் முன்னாள் கொறடா டோனி யெங்கேனி, பெற்றோர் வீட்டில் காளையைக் குடும்ப ஈட்டியால் குத்தினார். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் விசாரணையில் இறங்கியது. அவருடைய மோசடியைச் சடங்கு கழுவுமா என்பது வேறு விஷயம். அதற்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தாயிற்று. சடங்கைத் தடுக்கும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை.

இந்தச் சடங்கைச் செய்யும் கோசா மக்களிடையே இறந்த மூத்தோர் குடும்பத்து உறுப்பினராகவே நீடிக்கிறார்கள். சிறை மீண்டவன் வந்தாலும் புது மருமகள் வந்தாலும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். கிராமத்தில் இதற்கு மாட்டுப்பட்டி உண்டு. நகரத்துச் சிறு வீட்டில் பட்டிக்கு எங்கே போவது? கொல்லையில் மரக்கிளைகளை நட்டு அதையே பட்டியாகப் பாவிக்கிறார்கள். ஈட்டி பட்டதும் காளை கதற வேண்டும். கதறினால் முன்னோர் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். புகார் கொடுப்பவரின் காதில் வதையாக விழுவதும் அதே கதறல்தான்.

இறந்தோரைப் பேணுவது மூடத்தனமென்றால் நம் சான்றோர் அனைவரும் மூடரே. இல்வாழ்வான் பேண வேண்டியோர் வரிசையில் தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னே வைத்தார் வள்ளுவர். நடுகல்லுக்குக் கல் தேடுவது முதல் வாழ்த்துவது வரை துறை வகுத்தது தொல்காப்பியம். புறநானூற்றில் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைக்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டமும் கொல்லைப்புறச் சடங்குக்குக் குறுக்கே நிற்கவில்லை. இறைச்சிக்கூடத்துக்கு வெளியே விலங்கை அறுக்கத் தடை விதித்த 2000-ஆம் ஆண்டுச் சட்டமே பண்பாட்டுக்கும் சமயத்துக்கும் விலக்கு அளித்திருக்கிறது.

உயிர்வதை பொல்லாததுதான். வேள்விக்காக உயிரைக் கொல்வதை அதே வள்ளுவர் ஏற்கவில்லை. ஆனால் அவர் புலாலையே மறுத்தவர். கடையில் பொட்டலம் கட்டிய மாட்டிறைச்சி வாங்கி வருபவர் அவரைச் சாட்சிக்கு அழைப்பது செல்லாது.

நகரத்தில் வாழ்வோர்க்குக் கடமைகளும் உண்டு. அண்டை வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். விலங்கின் துன்பத்தை நீட்டிக்காமல் விரைவில் முடிக்க வேண்டும். இவற்றைக் கேட்பது நியாயம். ‘சடங்கையெல்லாம் கிராமத்தில் வைத்துக்கொள்’ என்பது நியாயமில்லை. கறுப்பர்கள் நகரத்துக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள், அவர்கள் ஊர் வேறெங்கோ இருக்கிறது என்று அனுமதிச் சீட்டு கேட்டு விரட்டியது நிறவெறி ஆட்சி. அந்தப் பேச்சை இன்று விலங்கன்பின் பெயரால் யாரும் பேச வேண்டாம்.