பின்பனியும் ஒரு பொய்யும்

“நலம், நலமறிய ஆவல்” எனத் தொடங்கிக் கடிதம் எழுதப் பழகிய சமுதாயம் எம்முடையது. கடிதம் போய்க் கைத்தொலைபேசி வந்த பின்னரும் அவ்வழக்கம் மாறவில்லை. கடல் கடந்து வாழும் இளைஞர் திரையில் முகங்காட்டியதும் முதலிற் சொல்லும் சொல் “சுகம்” என்பதே. அச்சொல் மெய்யோ பொய்யோ என்று கேட்பவர் ஆராய்வதில்லை. அன்புடையவரிடத்துத் தம் துன்பத்தை மறைப்பது அறமாகுமா? இவ்வினாவை மாசி மாதத்தில், எமது பாடசாலை வாசலிலேயே, நாம் எதிர்கொள்ள நேர்ந்தது.

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்பது தமிழர் வகுத்த பருவப் பாகுபாடு. யாழ்ப்பாணத்தில் இப்பருவம் இனியது. “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று பழமொழி அச்சுறுத்தினாலும், விடியலில் ஒரு போர்வையுடன் தீர்ந்துவிடும் குளிரே அது. அடுப்பிற் பனங்கிழங்கு அவியும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். ஆயினும் தொல்காப்பியர் பிரிவுக்குரிய பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிமையாக்கினார். பல்கலைக்கழகத்தில் அதனைப் பாடமாகக் கற்ற காலத்தில் அவ்வாறு வகுத்தது ஏன் என நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ரொறன்ரோ நகரில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவரின் பின்பனிக் காலத்தைக் கேட்டறிந்த பின்னரே அது ஓரளவு விளங்கியது.

அவருக்கு வயது இருபத்து மூன்று. உயர்தர வகுப்பில் எம்மிடம் தமிழ் கற்றவர்; 2023இல் கல்வி அனுமதி பெற்றுக் கனடா சென்றவர். ஸ்காபுறோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையை வேறோர் இளைஞருடன் பகிர்ந்து வாழ்கின்றார். அங்குள்ள எம்மவர் அதனைப் ‘பேஸ்மென்ற்’ என்பர். கூரையை ஒட்டிய சிறு யன்னல் ஒன்றினாலேயே அவ்வறைக்கு ஒளி வரும். பெப்ரவரியில் அதனையும் வெண்பனி மூடிவிடுகின்றது. பகலிற் கல்லூரி, கிழமையில் மூன்று இரவுகள் பண்டகசாலை ஒன்றிற் பெட்டி அடுக்கும் வேலை. 2024 நவம்பர் முதல் வெளிநாட்டு மாணவர் கல்வித் தவணைக் காலத்தில், கல்லூரிக்கு வெளியே, கிழமைக்கு இருபத்து நான்கு மணித்தியாலமே வேலை செய்யலாம் என்பது அந்நாட்டுச் சட்டம்.

டிசெம்பரில் விழும் முதற்பனி அழகியது. அதனைப் படம்பிடித்து அவர் எமக்கும் அனுப்பினார். பெப்ரவரிப் பனியை எவரும் படம் எடுப்பதில்லை. தெருவோரத்தில் ஒதுக்கப்பட்ட பனி புகையும் சேறும் படிந்து கருத்துக் கிடக்கின்றது. பனியைக் கரைக்கத் தூவிய உப்புச் சப்பாத்தில் வெள்ளைக் கோடாகப் படிகின்றது. பகலிற் கரைந்த நீர் இரவிற் கண்ணாடித் தகடுபோல் உறைந்து நடப்பவரை வீழ்த்துகின்றது. விடியல் ஐந்து மணிக்கு வேலை முடித்து, பூச்சியத்திற்குக் கீழ் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கவேண்டும். பெப்ரவரி 2ஆம் நாள் வளையில் வாழும் ஒரு சிறு விலங்கு வெளியே வந்து தன் நிழலைக் கண்டால், இன்னும் ஆறு கிழமைக்குக் குளிர் நீளும் என்று அந்நாட்டவர் சொல்வர். வெறும் விளையாட்டே எனினும், குளிரின் முடிவுக்கு மக்கள் எவ்வளவு ஏங்குகின்றனர் என்பதற்கு அது சான்று. ஒளிக்குறைவால் இப்பருவத்திற் சிலரைப் பற்றும் மனச்சோர்வை 1984 முதல் மருத்துவர் ஒரு நோயாகவே பெயரிட்டு வழங்குகின்றனர்.

இவ்வாண்டு மாசித் தொடக்கத்தில் அவர் பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி வீழ்ந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வேலை நின்றது; வேலை நின்றதும் கூலியும் நின்றது. அறையிலும் வெப்பம் போதவில்லை. குளிர் மாதங்களில் வாடகை வீட்டை 21 பாகை செல்சியசுக்குக் குறையாது வைத்திருத்தல் வேண்டும் என்பது அந்நகரச் சட்டம். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியோ மேல்மாடியில், வீட்டுக்காரரின் கைக்கெட்டும் சுவரில் இருக்கின்றது. எழுத்து ஒப்பந்தம் இன்றி வாழ்பவர், அறை பறிபோகுமோ என்ற அச்சத்தால் முறையிடாதிருந்தார். சட்டம் இருப்பது வேறு, ஏழை அதனைக் கையில் எடுப்பது வேறு என்பதை நாம் இலங்கையிலும் அறிவோம்.

அவ்வாறிருந்தும் ஞாயிறுதோறும் தாயாரோடு காணொளியிற் பேசத் தவறவில்லை. பேசுமுன் கனத்த மேலங்கியைக் கழற்றிவைப்பார். நல்ல சட்டை அணிவார். முறிந்த கை திரையில் விழாதபடி அமர்ந்துகொள்வார். “சுகம்” என்பார். இவற்றையெல்லாம் எம்மிடம் கூறி, “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, சேர்” என்று கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பாடசாலை வாசலில் அத்தாயாரையே சந்தித்தோம். “சேர், தம்பி உங்களோடை கதைக்கிறவனாமே. சுகமா இருக்கிறானோ?” என்றார். “ஓம் அம்மா, நல்ல சுகம்” என்றோம். அவர் மகிழ்ச்சியோடு போனார். வாய்மை என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கு அன்று வகுப்பினுள் நுழையக் கால் கூசியது.

குற்றமற்ற நன்மையைப் பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கொள்கை. இதனைப் பொய்க்குக் கொடுத்த பொது அனுமதியாகப் பலர் எடுத்துக்கொள்கின்றனர். நன்மை ‘குற்றமற்றதாக’ இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை அவர் கண்ணிற் படுவதில்லை. தாய் அன்றிரவு அமைதியாக உறங்கினார், அது நன்மையே. குற்றமற்ற நன்மைதானா என்பதே கேள்வி.

விடை அடுத்த கிழமையே கிடைத்தது. எமது வகுப்பு மாணவர் ஒருவர், தாமும் அந்நகருக்கே செல்ல விரும்புவதாகவும், தந்தையார் காணி உறுதியை ஈடுவைக்க ஆயத்தமாகிவிட்டதாகவும் கூறினார். “அந்த அண்ணா நல்லாத்தானே இருக்கிறார், சேர்” என்பது அவர் காட்டிய ஆதாரம். கல்வி அனுமதி கோரும் தனி மாணவர், கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்டவேண்டிய தொகை 2023 வரை 10,000 டொலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 டொலராகவும், 2025 செப்டெம்பரில் 22,895 டொலராகவும் உயர்ந்தது. தாயொருவர் உறங்கச் சொல்லப்பட்ட பொய், ஒரு தெரு தள்ளி வேறொரு குடும்பத்தின் காணிக்கு விலை பேசிக்கொண்டிருந்தது.

இதற்கு அவ்விளைஞரை மட்டும் குற்றங்கூறுதல் நீதியாகாது. துன்பத்தைக் கேட்க விரும்பாத செவி எம்முடையது. பயண முகவர் வெற்றிக் கதைகளையே விற்கின்றனர். கடன் கொடுத்தவர் வட்டியை எதிர்பார்க்கின்றனர். ஊரவர் புது வீட்டின் மதிலை அளக்கின்றனர். பரிசளிப்பு விழாவில் வெளிநாடு சென்றோர் பெயரை வரிசையாக வாசித்துக் கைதட்டல் பெறும் ஆசிரியராகிய நாமும் அவ்வணியிலேயே நிற்கின்றோம். குறைந்த கூலிக்கு இரவில் உழைக்கும் கைகள் அங்கே தேவைப்படுகின்றன. அங்கிருந்து வரும் பணம் இங்கே தேவைப்படுகின்றது. இவ்விரு தேவைகளுக்கும் இடையில் உண்மை பேசுவதால் எவருக்கும் இலாபம் இல்லை. தனிமனிதரின் பொய் எனத் தோன்றுவதன் பெரும்பகுதி ஒரு பொருளாதார அமைப்பின் பொய்யே.

எமது பழைய இலக்கியம் இவ்வாறு மறைக்கவில்லை என்பதையும் இங்கு நினைத்தல் தகும். பொருள்வயிற் பிரிவைப் பாடிய புலவர் வழியின் கொடுமையை, வெம்மையை, நீரின்மையை, ஆறலைக் கள்வரை மறையாது பாடினர். பிரியுமுன்னரே தோழி அவற்றைத் தலைவனிடம் எடுத்துரைப்பாள். கேட்டுச் செலவு தவிர்ந்த தலைவரும் உளர். கேட்டும் சென்றோரும் உளர். செல்வோர் அறிந்து சென்றனர், இருப்போரும் அறிந்திருந்தனர். போகவேண்டாம் என்று தடுப்பது எமது நோக்கமன்று. அறியாமற் போகும் நிலை ஒழியவேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

ஆகவே அன்றிரவு அவருக்கு நாம் அழைப்பெடுத்தோம். வாசலில் நாம் சொன்ன பொய்யை முதலில் ஒப்புக்கொண்டு, காணி உறுதியின் செய்தியையும் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். இரண்டு நாளின் பின் தமது ஒரு கிழமை வாழ்வை உள்ளவாறு எழுதி அனுப்பினார். வாடகை, கூலி, பஸ் கட்டணம், வேலை மணித்தியாலம், அறையின் குளிர் யாவும் அதில் இருந்தன. அவர் இசைவுடன், பெயர் கூறாது, அதனை வகுப்பில் வாசித்தோம்.

அந்த ஞாயிறு தாயாரிடமும் அவர் கையைக் காட்டினார். தாயார் அழுதார்; ஏசினார். பின்னர், “எனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லப்போறாய்? இந்த மாசம் காசு அனுப்பாதை, நான் சமாளிப்பன்” என்றாராம். வீட்டு வாடகைப் பிரச்சினையை அங்குள்ள தமது தமையனாரிடம் தாமே பேசியும் இருக்கின்றார். பொய் அத்தாயிடமிருந்து பறித்தது யாது என்பது அப்போதுதான் எமக்குத் தெளிவாயிற்று. மகன் துன்புறும்போது ஏதேனும் செய்வதற்கு அவருக்கிருந்த உரிமையையே அது பறித்திருந்தது. பணத்தைப் பெறுவதற்கு மாத்திரம் உரியவராக அவரை ஒதுக்கிவைத்திருந்தது.

வகுப்பு மாணவர் அக்கணக்கைப் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். தந்தையும் மகனும் இன்னும் முடிவு செய்யவில்லை. உறுதி பெட்டியிலேயே இருக்கின்றது.

மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அந்நகரிற் கடிகாரங்களை ஒரு மணி முன்னே நகர்த்தினர். எமக்கும் அவர்களுக்கும் இடையிலுள்ள பத்தரை மணி ஒன்பதரையாகக் குறைந்தது. அன்று அவர் எம்மை அழைத்தார். காலை மறுபடி இருண்டுவிட்டது என்றார். கை மெல்ல ஆறுகின்றது, அறை இப்போது இருபது பாகை, இன்னும் ஒன்று குறைவு என்றார். “சுகம்” என்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.