தொடாமல் நேரும் இம்சை

தார்ப் பாலைவனத்து முள்வால் ஓணான், இரவை வளைக்குள் கழித்து, காலை வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பின்னரே இலைதழை மேயத் தொடங்கும் உயிர் என்பதால், ஒளிப்படக்காரர் நெருங்கி அதனை வளைக்குள் விரட்டும்போதெல்லாம் அது பெற வேண்டிய வெப்பமும் மேயும் நேரமும் பறிபோகின்றன. தொடாமலே நேரும் இவ்விழப்பு இம்சையாகுமா? சமண நூலான உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதத்தால், அதாவது ஆசையோ அசட்டையோ கலந்த விழிப்பின்மையால், உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என வரையறுப்பதால், காயத்தின் அளவைவிட நெருங்கியவரின் மனநிலையே அங்கு முதன்மை பெறுகிறது. நல்ல படத்துக்கான வேட்கையும் அவ்வாசையில் அடங்கும் என்றே கொள்ள வேண்டும். அழகை நேசிப்பவர்க்கு இது கசப்பான முடிவுதான். ஆயினும் சமணம் பார்வையை விலக்கவில்லை. நிலத்தை நோக்கி, உயிர்களை மிதிக்காது அடிவைக்கும் ‘ஈர்யா சமிதி’ என்னும் துறவியர் ஒழுக்கம் கூர்ந்து பார்ப்பதைக் கடமையாகவே ஆக்குகிறது. வளையிலிருந்து விலகி, தொலைநோக்கு வில்லையுடன், ஓணான் தானாக வெளிவரக் காத்திருப்பவரின் நோக்கை அவ்வொழுக்கத்தின் இல்லற வடிவம் எனக் கொள்வதில் தவறில்லை.