வேலையில்லாத நாட்களும் மூஸா (அலை) கேட்ட துஆவும்

 

நம் சோமனூரில் தறிச் சத்தம் நின்றால் பல வீடுகளில் தூக்கமும் போய்விடும். 2022 ஜனவரி 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை மறந்திருக்க மாட்டீர்கள். முந்தைய நவம்பரில் ஒப்புக்கொண்ட 23 சதவீதக் கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று தறிகளை நிறுத்தினார்கள். 2025 மார்ச் 19-ல் மறுபடியும் நின்றன. தறி வைத்திருப்பவருக்கே வருமானம் இல்லாதபோது, அவரிடம் தறி ஓட்டியவர் எங்கே போவார்? திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் போய் வேலை கேட்க வேண்டியதுதான்.

வேலை இழந்தவர், “இன்னும் எதுவும் அமையலீங்களா?” என்ற கேள்விக்குப் பயந்து, ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் நின்று ஸலாம் கொடுத்ததும் போய்விடுகிறார். இதை ஈமான் பலவீனம் என்று யாரும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கவலை, துக்கம், இயலாமை, கடன் சுமை ஆகியவற்றிலிருந்து நபி (ஸல்) அவர்களே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதை புகாரியில் பார்க்கிறோம். கவலையும் கடனும் அந்த ஒரே துஆவில் வருகின்றன, கவனித்தீர்களா?

சூரா கஸஸில் மூஸா (அலை) அவர்களைப் பாருங்கள். உயிருக்குப் பயந்து எகிப்திலிருந்து மத்யன் வந்து சேர்கிறார்கள். வீடில்லை, வேலையில்லை, தெரிந்த முகம் ஒன்றுமில்லை. அந்த நிலையிலும் கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நிழலில் போய் உட்கார்கிறார்கள். கூலி கேட்கவில்லை. (இதைச் சாக்காக வைத்து யாரும் ஓசியில் வேலை வாங்க வேண்டாம், அந்தப் பெண்களின் தந்தை கூலி கொடுக்கத்தான் ஆள் அனுப்பினார்.) நிழலில் உட்கார்ந்தவர், நீ எந்த நன்மையை அனுப்பினாலும் எனக்குத் தேவைதான் என்று ரப்பிடம் சொல்கிறார். இந்த வேலைதான் வேண்டும், இந்தச் சம்பளம்தான் வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பிறகு அந்தப் பெண்களில் ஒருவரே தந்தையிடம், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர், இவரை வேலைக்கு வையுங்கள் என்கிறார். எட்டு ஆண்டு வேலை பேசி முடிகிறது.

ஆகவே தம்பிமார்களே, அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். ஃபஜ்ருக்கு எழுந்து வாருங்கள். தெரிந்தவர்களிடம் வேலை கேட்பதில் வெட்கமில்லை. வட்டிக்கு வாங்கி நாளை ஓட்டாதீர்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒருவர், ஜமாஅத்தில் வந்து சொல்லுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் அரசின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். வைத்தியம் பார்ப்பது தவக்குலுக்கு எதிரானதல்ல.

ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது 62-வது சூரா. கடையிலோ கம்பெனியிலோ ஆள் தேவைப்படுபவர்கள், இன்று தொழுகை முடிந்ததும் ஐந்து நிமிடம் வாசலில் நில்லுங்கள்.