எந்த வாகனம் போதும்?

வாகனம் அல்லாஹுத்தஆலா நமக்கு அளித்துள்ள அருட்கொடைகளுள் ஒன்று. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்திருப்பதாகத் திருக்குர்ஆனின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் அவன் எடுத்துரைக்கிறான். ஏறிச் செல்வது ஒன்று, அலங்காரம் மற்றொன்று. இரண்டும் அவன் தந்தவையே. ஆனால் இவற்றில் எது எவ்வளவு வேண்டும் என்பதுதான், கார் வாங்க எண்ணும் நம் குடும்பங்களில் இன்று எழும் கேள்வி.

சென்ற ஆண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குச் சென்றிருந்தோம். மண்டபத்தின் வாசலில் புத்தம் புதிய பெரிய கார் ஒன்றும், அதன் அருகில் பழைய மாருதி 800 ஒன்றும் நின்றிருந்தன. பழைய வண்டிக்காரர் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் வாங்கி விற்கும் பெரியவர். புதிய காருக்குச் சொந்தக்காரரான இளைஞர் அவரிடம், “பாய், இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்? கண்ணாடியை ஏற்றி இறக்கக்கூடக் கையால் சுற்ற வேண்டியிருக்கிறதே!” என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே, “அதற்குத்தானே தம்பி அல்லாஹ் கையைக் கொடுத்திருக்கிறான்!” என்றார். சுற்றி நின்றவர்கள் யாவரும் அந்தப் பதிலை ரசித்தார்கள். நாமும் ரசித்தோம்.

இத்தகைய எளிய வண்டிகளின் மீது மக்களுக்கு ஒரு பிரியம் எப்போதும் உண்டு. 1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800 காரின் சாவி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை, 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நம் நாட்டில் விற்பனையாயின. சிறிய எஞ்சின், கையால் சுற்றும் கண்ணாடி, சாதாரண இருக்கை, அவ்வளவுதான். பழுதாவதற்கு அதில் அதிகம் ஒன்றுமில்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார். இப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவர் அதை ஆள்கிறார். அது அவரை ஆள்வதில்லை. இதுவே அந்தப் பிரியத்தின் இரகசியம்.

ஆனால் எளிமை மட்டுமே ஒரு பொருளைக் காப்பாற்றிவிடுவதில்லை. ஒரு குடும்பமே ஸ்கூட்டரில் நெருக்கியடித்துச் செல்வதைக் கண்டு மனம் இளகிய ரத்தன் டாடா, 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய்க் காராக நானோவை அறிமுகப்படுத்தினார். கண்ணாடியைத் துடைக்க ஒரே வைப்பர். சக்கரத்துக்கு மூன்றே நட்டுகள். அடிப்படை வண்டியில் ஏ.சி. கிடையாது. நோக்கம் நல்லதே. எனினும் ‘மிக மலிவான கார்’ என்ற பெயர் அதன்மீது ஒட்டிக்கொண்டது. அப்படிப் பெயர் பெற்றது தவறாகிவிட்டது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி ஏறத்தாழ நின்றுபோயிற்று. மழையில் நனையும் பிள்ளைகளைவிட, அண்டை வீட்டாரின் பார்வை நமக்குப் பெரிதாகத் தோன்றியதும் அதற்கு ஒரு காரணமல்லவா?

இந்தப் பார்வைக்குத்தான் நாம் அஞ்சுகிறோம். மண்டபத்து இளைஞர் பிறகு தனியே நம்மிடம் மனம் திறந்தார்: “ஹழ்ரத், சம்பந்தி வீட்டார் மதிக்க வேண்டுமே என்று வட்டிக் கடனில் வாங்கிவிட்டேன். மாதத் தவணை வந்தால் தூக்கம் போய்விடுகிறது.” வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவில், இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ்வே என்று ஒப்புக்கொள்கிறோம். தவணையாலும் பெருமையாலும் நாமே வண்டிக்கு வசப்பட்டுவிட்டால், அந்த துஆ நாவோடு நின்றுவிடுகிறதே!

அப்படியானால் பழைய வண்டிதான் தக்வாவா? அவசரப்பட வேண்டாம். நல்ல வசதியான வாகனத்தை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியிருக்கிறார்கள். மார்க்கம் நம்மை வருத்திக்கொள்ளச் சொல்லவில்லை. நம் இமாம்கள் மனிதத் தேவைகளை மூன்றாக வகுத்தார்கள். உயிர் முதலியவற்றைக் காப்பவை ‘ளரூரிய்யாத்’. சிரமத்தை நீக்குபவை ‘ஹாஜிய்யாத்’. அழகு சேர்ப்பவை ‘தஹ்ஸீனிய்யாத்’. இந்தத் தராசில் காரை வைத்துப் பாருங்கள். பளபளக்கும் சக்கரமும் பெரிய திரையும் மூன்றாம் வகை. வெயிலுக்கு ஏ.சி. இரண்டாம் வகை. பிரேக், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவை முதல் வகை.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஐந்து இந்தியக் கார்களை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிட்டவில்லை. அவற்றுள் ஒன்றுக்கு இரண்டு ஏர்பேக்குகள் பொருத்திச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமாயிற்று. எனவே உயிர் காக்கும் பொருளை விட்டுவிட்டு அதற்கு எளிமை என்று பெயர் சூட்டுவது முறையாகாது.

மறுநாள் பெரியவரோடு கச்சிராயபாளையம் வழியாக மலையேறினோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவர் சொன்னார்: “பேரப்பிள்ளைகளை இந்த வண்டியில் மலைக்கு ஏற்றுவதில்லை, ஹழ்ரத். பின்சீட்டில் பெல்ட் கிடையாது. அடுத்து வாங்கினால் ஏர்பேக் உள்ளதுதான்.” சற்று மௌனத்துக்குப் பின் தொடர்ந்தார்: “இன்னொன்றும் உண்டு. நேற்று என் பதிலை எல்லோரும் புகழ்ந்தபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.”

நாம் திகைத்துப்போனோம். அந்தப் புகழ்ச்சியில் நமக்கும் பங்கு இருந்தது. பெரிய காரில் மட்டுமா ரியா ஏறி உட்காருகிறது? பழைய காரிலும் அதற்கு இடமிருக்கிறது! நாயகம் (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குச் சென்றது பழைய சேணத்தின்மீது. அதிலிருந்த துணி நான்கு திர்ஹம்கூடப் பெறாது என அறிவிக்கப்படுகிறது. அந்த நிலையிலும், முகஸ்துதி கலவாத ஹஜ்ஜாக ஆக்கும்படி அவர்கள் இறைவனிடம் வேண்டினார்கள். எளிய சேணத்தில் அமர்ந்தவர்கள்தாம் அப்படி வேண்டினார்கள் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

வெள்ளிமலைக்குப் போகும் வழியில், கைக்குழந்தையோடு நடந்து வந்த ஒரு மலைவாழ் பெண்மணியைப் பெரியவர் ஏற்றிக்கொண்டார். மருத்துவமனைக்குப் போகிறாராம். இம்மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது என்றால், அவர்கள் படும் சிரமத்தைச் சொல்லவும் வேண்டுமோ? தேவைக்கு மேல் வாகனம் உள்ளவர் அது இல்லாதவருக்குக் கொடுத்துதவட்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நம் காரின் காலி இருக்கையும் அந்த மேல்மிச்சம்தானே!

சகோதரர்களே! சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஜகாத் இல்லை. அது சிறியதாயினும் பெரியதாயினும் சரியே. ஆனால் எளிய காரை வாங்கி மிச்சப்படுத்திய பணம் நிஸாபை அடைந்து ஓராண்டு கடந்தால், அதில் ஏழைகளின் ஹக்கு இருக்கிறது. ஆகவே கார் வாங்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்வோம்: உயிருக்குப் பாதுகாப்பு உண்டா? வட்டியில்லாமல் வாங்க முடியுமா? யார் பார்க்க வேண்டும் என்று வாங்குகிறோம்? வாங்கிய பின் நான்காவதாக ஒன்று: காலி இருக்கையில் யாரை ஏற்றினோம்?

வல்ல நாயன் நமக்குப் போதுமென்ற மனத்தையும், புகழை நாடாத நிய்யத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.